திரள்நிதியும் பாத்திரமேற்கும் மேசை விளையாட்டுகளும்

நூலொன்றை எழுதி முடித்தல் ஒரு தொழில். அதனை அச்சேற்றுதல் பிறிதொரு தொழில். முன்னதற்கு அறிவும் ஓய்வும் போதியனவாகலாம். பின்னதற்குக் கடதாசியும் மையும் கூலியும் வேண்டும். அவற்றுக்கெல்லாம் பொருள் வேண்டும். நூல் விலைப்பட்ட பின்னரே பொருள் வரும். பொருள் வந்த பின்னரே நூல் அச்சேறும். இவ்வட்டத்தை எவ்விடத்தில் உடைப்பது என்பது பதிப்பாளர் யாவரையும் வருத்திய வினாவாகும். அதற்கு மேனாட்டார் கண்ட விடைகளுள் ஒன்று, நூலைப் படிக்க விரும்புவாரிடமே முன்பணம் பெறுதல்.

ஆங்கிலப் புலவர் அலெக்சாந்தர் போப், ஓமரின் இலியட்டை மொழிபெயர்த்து 1715 ஆம் ஆண்டு முதல் 1720 ஆம் ஆண்டுவரை ஆறு பாகங்களாக வெளியிட்டபொழுது, பாகத்துக்கு ஒரு கினி வீதம் தர ஏறக்குறைய 575 பேர் முன்வந்தனர். அவர்தம் பெயர்கள் நூலிலேயே அச்சிடப்பட்டன. தனியொரு புரவலரை நம்பியிராது எழுத்தினாலேயே வாழத்தக்க பொருளை அம்மொழிபெயர்ப்பு அவருக்கு ஈட்டித் தந்தது. இம்முறையின் மறுபக்கத்தைக் காட்டியவர் சாமுவேல் யோன்சன். சேக்சுபியர் நாடகங்களுக்குத் தாம் செய்யவிருந்த பதிப்பினுக்கு 1756 இல் அறிவித்தல் விடுத்து, 1757 நத்தாருக்குள் தருவதாக உறுதி கூறிப் பணமும் பெற்றார். நூல் வெளிவந்ததோ 1765 ஒக்டோபரில். இடையில், பணத்தைப் பெற்றவர் நூலைத் தரவில்லையெனச் சார்ள்ஸ் சேர்ச்சில் என்னும் புலவர் அங்கதப்பாட்டில் அவரை எள்ளினார். பெயர்ப்பட்டியலைத் தொலைத்துவிட்டதாகவும் பணத்தைச் செலவழித்துவிட்டதாகவும் யோன்சனே ஒப்புக்கொண்டார் என்பர். தமிழ்ப் பதிப்புலகிலும் இவ்வழக்கம் இருந்தது. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, நூல் வெளிவருமுன்னரே ‘கையொப்பம்’ செய்தோரின் உதவியை நாடினார். முற்பதிவுக்கு அக்காலத்து வழங்கிய பெயர் அதுவே.

இந்தக் கையொப்ப முறை இணையத்தின் வாயிலாக இக்காலத்தே புத்துயிர் பெற்றுத் திரள்நிதி என வழங்குகின்றது. திரைப்படம், இசைத்தட்டு, கைக்கடிகாரம் எனப் பல பொருள்களுக்கு நிதி திரட்டப்படினும், இம்முறையோடு வேறெதனினும் நெருங்கிப் பிணைந்துவிட்ட பதிப்புத்துறை ஒன்று உண்டு. அதுவே பாத்திரமேற்கும் மேசை விளையாட்டுகளுக்குரிய நூல்களின் பதிப்பாகும்.

இவ்விளையாட்டு யாதென அறியாதார்க்குச் சில சொற்கள் கூறுதல் தகும். மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். ஒருவர் நடத்துநர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் திருடர் என்றவாறு. நடத்துநர் ஒரு சூழ்நிலையை எடுத்துரைப்பார். பாத்திரமேற்றோர் தாம் செய்யவிரும்புவதைக் கூறுவர். அச்செயல் கைகூடுமா என்பது ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டப்படும். அது நான்கு முகமோ ஆறு முகமோ இருபது முகமோ உடையதாகலாம். கூத்தில் பாட்டும் வசனமும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். ஈண்டு அவை இல்லை. சதுரங்கத்தில் வெல்வாரும் தோற்பாரும் உளர்; ஈண்டுப் பெரும்பாலும் அவரும் இலர். அமர்ந்தோர் யாவரும் கூடி ஒரு கதையைப் படைக்கின்றனர். அது எங்ஙனம் முடியுமென நடத்துநரும் அறியார். கடையில் விற்கப்படும் நூல் விதிகளையும் ஓர் உலகின் வருணனையையும் மட்டுமே தரும். அந்நூல் தன்னளவில் நிறைவுபெற்றதன்று; வாங்கியோரின் மேசையிலேயே அது நிறைவுபெறும்.

இவ்வகையில் முதற்கண் விற்பனைக்கு வந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டின் பிறப்பே பொருள்முட்டுப்பாட்டின் வரலாறுதான். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கரி கைகாக்ஸ் என்பார், டேவ் ஆர்னெசன் என்பாருடன் இணைந்து இதனை ஆக்கினார். அச்சேற்றப் பணம் இல்லை. 1973 ஒக்டோபரில் கைகாக்ஸும் அவர் நண்பர் டொன் கேயும் சிறுதொகை இட்டு ஒரு கூட்டு வணிகம் தொடங்கினர், அத்தொகை போதவில்லை. பிறயன் புளூம் என்னும் மற்றொருவர் 2,000 டொலருடன் பங்காளியாகச் சேர்ந்த பின்னரே 1974 இல் ஆயிரம் பெட்டிகள் ஆயத்தமாயின. பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். விலை 10 டொலர். அவற்றைப் பெட்டியிலிட்டு அடுக்கியவர்களும் அவர்களே. அவை ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆயிரம் பேர் வாங்குவர் என்பதை முன்னரே அறிய வழியிருந்திருப்பின் மூன்றாம் பங்காளியைத் தேடவேண்டிய நிலை எழுந்திராது. பின்னர் அக்கொம்பனி பெரிதாக வளர்ந்து, கடனில் மூழ்கி, 1997 இல் ‘விசாட்ஸ் ஒவ் த கோஸ்ட்’ என்னும் கொம்பனிக்கு விலைப்பட்டது.

வாங்குவோர் எத்துணையர் என்பதை அச்சிடுமுன் அறிந்துகொள்ளும் அவ்வழி 2009 ஏப்பிரலில் திறந்தது. அவ்வாண்டு நியூயோர்க்கில் தொடங்கப்பெற்ற ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்னும் இணையத்தளத்தின் முறை எளிது. ஆக்கியோர் தம் எண்ணத்தை விளக்கி, வேண்டும் தொகையையும் இறுதி நாளையும் அறிவிப்பர்; காலவரை அறுபது நாளுக்கு மேற்படாது. ஆதரவாளர் தாம் தரும் தொகையை வாக்களிப்பர். இறுதி நாளில் இலக்கு எட்டப்பட்டிருப்பின் மட்டுமே பணம் அறவிடப்படும். ஒரு டொலர் குறையினும் எவரிடமும் எதுவும் பெறப்படமாட்டாது. திரண்ட தொகையில் நூற்றுக்கு ஐந்து அத்தளத்துக்குரியது; பணக்கொடுப்பனவைக் கையாளும் செலவு வேறு. பின்வந்த ‘கேம்பவுண்ட்’, ‘பக்கர்கிற்’ முதலிய தளங்களும் பெரும்பாலும் இவ்வடியொற்றியனவே.

இம்முறையில் பணம் தருபவர் யார் என்னும் வினா சிறியதன்று. அவர் வாங்குவோர் அல்லர். பொருள் இன்னும் உண்டாகவில்லை. பங்காளரும் அல்லர், ஆதாயத்தில் அவருக்கு உரிமையில்லை. நன்கொடையாளரெனவும் கூறுதல் இயலாது. கைம்மாறாக நூலொன்றை எதிர்பார்க்கின்றார். தாம் ஒரு கடையல்ல எனக் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனத்தாரே 2012 இல் வெளிப்படையாக அறிவிக்கவேண்டியிருந்தது. ஆதரவாளர் விலைக்குக் கொள்வது ஒரு வாக்குறுதியை. முன்னாளில் நூல் விலைபோகாதொழியின் நட்டம் பதிப்பாளரைச் சாரும். இப்பொழுது நூல் வெளிவராதொழியின் நட்டம் வாசகரைச் சாரும். இடர் ஒழியவில்லை, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது, அவ்வளவே.

அங்ஙனமாயினும் இவ்விளையாட்டுகளை விரும்புவோர் அவ்விடரை மகிழ்ந்தே ஏற்கின்றனர். காரணம் விளையாட்டின் இயல்பிலேயே உளது. நிறைவுபெறாத நூலைத் தம் கற்பனையால் நிறைவுசெய்து பழகியோர், இன்னும் அச்சேறாத நூலையும் அவ்வாறே நோக்குதல் வியப்பன்று. அன்றியும் ஒருவர் வாங்கும் நூலால் ஐவர் ஆடுவர். ஆகவே ஆர்வலர் தொகை சிறிதாயினும் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்த குழுவினர். அத்தகையோர் உலகெங்கும் சிதறிக்கிடப்பதால் ஓர் ஊர்க் கடைக்காரர் அவர்களை நம்பி நூல் இறக்குதல் அரிது. இணையத்தில் அவர்களை ஓரிடத்துக் கூட்டுதல் எளிது.

2012 இல் மொன்டி குக் என்னும் ஆசிரியர் ‘நியூமெனெரா’ என்னும் நூலுக்கு 20,000 டொலர் வேண்டினார். 517,000 டொலருக்கு மேல் திரண்டது. அவ்வாண்டின் இறுதியில் ‘ஈவில் ஹற்’ என்னும் பதிப்பகம் ‘பேற் கோர்’ என்னும் நூலுக்கு வேண்டியது 3,000 டொலர் மட்டுமே. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தந்தது 433,000 டொலர். 2021 இல், ‘அவதார்’ என்னும் தொலைக்காட்சிச் சித்திரத்தொடரைத் தழுவிய விளையாட்டுக்கு 81,567 பேர் 95 இலட்சம் டொலருக்கு மேல் வழங்கினர். 2024 ஓகஸ்ட்டில், பிராண்டன் சாண்டர்சன் என்னும் நாவலாசிரியரின் கதையுலகைத் தழுவிய விளையாட்டு 55,000 க்கு மேற்பட்டோரிடமிருந்து ஒன்றரைக் கோடி டொலரைப் பெற்றது.

இவ்வெண்களைக் காண்போர் மயங்குதல் இயல்பு. திரண்ட தொகை ஆதாயமன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். 95 இலட்சம் டொலரில் நூற்றுக்கு ஐந்து என்பது மட்டும் ஏறக்குறைய 4 இலட்சத்து 77 ஆயிரம் டொலர். எஞ்சியதில் ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் கூலி, பிறருக்குரிய கதையைத் தழுவியதற்கான உரிமைப்பணம், எண்பதினாயிரம் பொதிகளை அச்சிட்டுக் கட்டி அனுப்பும் செலவு, வரி என யாவும் கழியும். ஆதரவாளர் பெருகுந்தோறும் கடமையும் பெருகும். ஆயிரம் டொலர் வந்தது என்பதன் பொருள், ஆயிரம் டொலருக்குரிய கடன் ஏறியது என்பதே.

இதனினும் கொடியது ‘மேலிலக்கு’ என்னும் வழக்கம். வேண்டிய தொகை எட்டப்பட்ட பின்னரும் ஆர்வம் தணியாதிருத்தற்பொருட்டு, இன்னும் இத்தனை ஆயிரம் சேர்ந்தால் இன்னுமொரு கதைநூல், வரைபடம், தனிப் பகடை என ஆக்கியோர் வாக்களித்துக்கொண்டே செல்வர். திருவிழாக் கடையில் விலைகூறுவாரின் உற்சாகம் அதில் உண்டு. நூல் ஒன்றாயிருக்கும்வரை கணக்கு நேர். அதனோடு பத்துச் சிறுபொருள்கள் சேரின், பத்தும் வெவ்வேறு இடத்தில் செய்யப்பட்டு, மிகத் தாமதமானது வந்துசேரும்வரை ஒன்பதும் காத்துக்கிடக்க நேரிடும். பொதியின் நிறை கூடுந்தோறும் தபாற்செலவும் கூடும்; அதனை ஆதரவாளர் முன்னரே செலுத்திவிட்டாராயின், கூடிய பகுதி ஆக்கியோரின் தலையில் விழும்.

இதற்குத் தக்க சான்று ‘கேயோசியம்’ என்னும் பதிப்பகத்தின் வரலாறு. கிரெக் ஸ்டாபர்ட் என்பார் 1975 இல் தொடங்கிய அப்பதிப்பகம், லவ்கிராப்டின் அச்சக்கதைகளைத் தழுவிய ‘கோல் ஒவ் கதுலு’ என்னும் விளையாட்டை 1981 இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றது. அதன் ஏழாம் பதிப்பினுக்கு 2013 இல் நிதி வேண்டியபொழுது ஐந்தரை இலட்சம் டொலருக்கு மேல் திரண்டது. அதற்கு முன்னாண்டில் வேறொரு பெருநூலுக்கும் இரண்டு இலட்சம் டொலர் பெற்றிருந்தனர். இரண்டும் வெற்றியெனவே யாவரும் கருதினர். ஆயின் வாக்களித்த பொருள்கள் மிகுதி. வெளிநாடுகளுக்கு அனுப்பும் செலவோ மதிப்பிட்டதினும் மிகுதி. வெற்றியே பதிப்பகத்தை வீழ்ச்சியின் விளிம்புக்குக் கொணர்ந்தது. 2015 இல் ஸ்டாபர்ட்டும், அவ்விளையாட்டின் ஆசிரியர் சாண்டி பீற்றர்சனும் திரும்பிவந்து பொறுப்பேற்றனர். அவ்வாண்டிலேயே ‘மூன் டிசைன்’ என்னும் பதிப்பகத்தார் நிருவாகத்தில் சேர்ந்தனர். அச்சுநூல்கள் ஆதரவாளரின் கையை அடைந்தது 2016 இல். கேயோசியம் இன்றும் நூல் வெளியிட்டுவருகின்றது. ஆயினும் அது பிழைத்தது திரள்நிதியால் அன்று, பழையவர் திரும்பி வந்தமையால் என்க.

எல்லாரும் அவ்வாறு மீண்டிலர். 2012 இல் அட்டைமீது ஆடும் விளையாட்டொன்றுக்கு 35,000 டொலர் வேண்டி 122,000 டொலர் பெற்ற ஒருவர், அடுத்த ஆண்டில் அம்முயற்சியைக் கைவிட்டதாக அறிவித்தார். அப்பணத்தில் பெரும்பகுதி அவரது சொந்தச் செலவுக்குப் போயிற்று என அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டி, 2015 இல் நடவடிக்கை எடுத்தது. திரள்நிதி தொடர்பில் அவ்வாணைக்குழு தொடுத்த முதல் வழக்கு அதுவே. 111,000 டொலருக்கு மேற்பட்ட தொகை அவர்மீது விதிக்கப்பட்டது. செலுத்த வலியின்மையால் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே சட்டம் உண்டெனினும் பணம் மீளும் என்பது உறுதியன்று. அவ்விளையாட்டை வேறொரு கொம்பனி இரக்கங்கொண்டு வெளியிட்டு ஆதரவாளர்க்குப் படி வழங்கியமை அரிதாய் நிகழ்ந்த நற்பேறு.

ஆக்கியோர் நேர்மையுடையராயினும் காலம் அவரைக் கைவிடுதல் உண்டு. 2021 இல் கப்பற்கூலி பன்மடங்கு உயர்ந்து, நாற்பதடிக் கொள்கலன் ஒன்றின் உலகச் சராசரிக் கூலி 10,000 டொலரைத் தாண்டியது. 2025 ஏப்பிரலில் சீனப் பொருள்கள்மீது அமெரிக்கா விதித்த இறக்குமதி வரி நூற்றுக்கு 145 வரை ஏறி, மே மாதத்தில் இறங்கியது. அச்சிட்ட நூல்கள் அவ்வரிக்கு விலக்காயிருந்தமையால் நூல் மட்டும் தருவோர் ஓரளவு தப்பினர். பகடையும் உருவச்சிலைகளும் சேர்த்து வாக்களித்தோர் இடர்ப்பட்டனர். பழைய விலையில் பணம் பெற்று, புதிய செலவில் பொருள் அனுப்பவேண்டிய நிலை அது.

இத்துணை இடர்களுக்கும் இடையே இம்முறை நிலைபெற வேண்டியதன் காரணம், பெருந்தொகை பெற்றோரிடத்தன்று, வேறிடத்தில் உளது. ‘கொயோற்றி அன்ட் குரோ’ என்னும் விளையாட்டைக் கருதுக. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டங்களில் குடியேறாதிருந்தால் அங்குள்ள பழங்குடி மக்களின் நாகரிகம் எவ்வாறு வளர்ந்திருக்கும் என்னும் கற்பனையின் மேல் அது எழுந்தது. செரோக்கி இனத்தவர் ஒருவரின் தலைமையில் பழங்குடி எழுத்தாளரும் ஓவியரும் கூடி ஆக்கினர். 2021 மார்ச்சில் 18,000 டொலர் வேண்டினர். 16,000 க்கு மேற்பட்டோர் பத்து இலட்சம் டொலருக்கு மேல் தந்தனர். இத்தகைய நூலை வாங்குவார் உளரோ என ஐயுறும் பதிப்பாளரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உளர் என்பதை ஒரு மாதத்துள் நிறுவிக்காட்டினர்.

சிறியோர்க்கும் இம்முறை இடந்தருகின்றது. 2019 பெப்ரவரியில் கிக்ஸ்டார்ட்டர் தொடங்கிய ‘சீன் குவெஸ்ட்’ என்னும் நிகழ்ச்சி, மடித்துக் கம்பி தைத்த சிறு கைந்நூல்களுக்கென ஏற்பட்டது. சில நூறு படிகள், ஓரிரு ஓவியங்கள், சிறு தொகை. இழப்பினும் தாங்கத்தக்க அளவு. புதிய எண்ணங்கள் பல இச்சிறு நூல்களிலேயே தோன்றுகின்றன என்பது கருதத்தக்கது.

பெரிய கொம்பனியின் கைப்பிடி தளர்ந்ததற்கும் இம்முறை துணைநின்றது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விதிகளைப் பிறரும் தம் நூல்களில் எடுத்தாள 2000 ஆம் ஆண்டு முதல் திறந்த உரிமம் ஒன்று இருந்தது. 2023 யனவரியில் அதனை மாற்ற உரிமையாளர் முயன்ற செய்தி கசிந்தவுடன் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அம்மாதத்துள்ளேயே அவர் பின்வாங்கி அடிப்படை விதிகளைப் பொதுவுரிமத்தின்கீழ் விடுத்தார். எனினும் பிறர் நிலத்தில் வீடு கட்டியோரின் அச்சம் தணியவில்லை. அவ்வாண்டிலேயே ‘கோபோல்ட் பிரஸ்’ தனக்கென ஒரு விதிநூலை அறிவித்துப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது, ‘எம்.சி.டி.எம்.’ என்னும் பதிப்பகம் ஆண்டிறுதியில் பக்கர்கிற் தளத்தின் வழியே நாற்பது இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது.

இவ்வாறு நிதி வேண்டிநிற்கும் விளையாட்டுகள் எந்நாளும் பல உள. அவற்றுள் ஒன்றை ஆதரிக்க எண்ணும் மாணவர், அட்டை ஓவியத்தின் அழகை நோக்குமுன் நூலின் வாசகம் எழுதி முடிந்ததா என்பதை நோக்குதல் வேண்டும். பேற் கோர் நூலைக் கோரியோர், ஆதரவளித்தவுடனேயே வரைவைப் படிக்கத் தந்தனர். அதனினும் சிறந்த பிணை இல்லை. எழுதப்படாத நூலுக்குப் பணம் கேட்போர், எழுதிவிட்டு ஓவியத்துக்கும் அச்சுக்கும் மட்டும் கேட்போரினும் பன்மடங்கு ஐயத்துக்குரியர். ஆடிப்பார்க்க இலவச மாதிரி உண்டா, ஆக்கியோர் முன்னர் வாக்களித்தவற்றைக் கொடுத்து முடித்தனரா, முடியாமலே அடுத்ததற்குக் கையேந்துகின்றனரா என்பனவும் பார்க்கத்தக்கன. மேலிலக்குகள் அதே நூலைச் செம்மைப்படுத்துவனவாயின் நன்று. புதிய பொருள்களைக் குவிப்பனவாயின் காலத்தாழ்வை எதிர்பார்க்கலாம். ஓவியமும் எழுத்தும் மனிதர் ஆக்கியனவா, செயற்கை நுண்ணறிவின் ஆக்கமா என்பதை வெளிப்படுத்துமாறு 2023 முதல் கிக்ஸ்டார்ட்டர் பணித்துள்ளது. அக்குறிப்பையும் தவறாது படித்தல் நன்று.

தபாற்செலவு எப்பொழுது அறவிடப்படும் என்பது தொலைநாட்டார்க்கு மிக இன்றியமையாதது. கேயோசியத்தின் இடர்ப்பாட்டுக்குப் பின்னர், நூல் அனுப்புங் காலத்து உள்ள கூலியையே அப்பொழுது தனியே பெறுவோர் பலராயினர். ஆக்கியோர்க்கு அது காப்பு. இலங்கை போன்ற நாட்டில் இருப்போர்க்கோ, நூலின் விலையை நெருங்கும் தொகையொன்று ஈராண்டு கழித்து எதிர்பாராது வந்து நிற்கும். ஆதலின் இங்குள்ளோர்க்குக் கணினியில் படிக்கத்தக்க மின்படியே பொருந்துவது; அதன் விலை அச்சுநூலின் பாதியினும் குறைந்திருத்தல் பெரும்பான்மை. ஆதரவு அளிப்பதற்கு இங்கிருந்து தடை யாதுமில்லை. நிதி கோருதற்கோ, கிக்ஸ்டார்ட்டர் ஏற்றுக்கொள்ளும் இருபதிற்கு மேற்பட்ட நாடுகளுள் ஒன்றில் வதிபவராயிருத்தல் வேண்டும். ஆசியாவில் அவை யப்பான், சிங்கப்பூர், கொங்கொங் ஆகியன.